ஒன்பதாவது வளைவில் சொன்னது

பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டை, பொங்கல் முடிந்த நாலு நாளில் மூன்று தடவை கழுவிவிட்டாள் சொர்ணலதா. கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கை சும்மா இருந்தால் மனசு அலைகிறது, மனசு அலைந்தால் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அரிசி டிரம்மை நகர்த்தினாள், கூட்டினாள், பழையபடி நகர்த்தி வைத்தாள். டிரம்முக்கு அடியில் ஒரு மஞ்சப்பை கிடந்தது. அதை மட்டும் தொடவில்லை.

அவள் புருசன் மலைச்சாமி திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கட்டுகிறவன். உயரத்தில் கம்பி இழுத்துப் பழகியவனுக்குத் தரையில் நடப்பது லேசில் கண்ணில் படாது. அவனுக்கே பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, முடியவில்லை என்றால் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாம், ரெண்டு நாள் படுத்திரு என்றான். நாலு நாளாக அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். ஆனால் அவன் வாயால் கேட்டதும் பொசுக்கென்று கோபம் வந்தது. போகாமல் இருக்க எனக்கு என்ன கேடு வந்தது என்று அவனிடம் ஏறினாள். மலைச்சாமி தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். கல்யாணமாகிப் பதினைந்து வருசத்தில் இந்தக் கலையில் அவன் தேர்ந்திருந்தான்.

விசயம் இதுதான். திங்கட்கிழமை, பொங்கலுக்குப் பிறகு மலையேறும் முதல் வண்டி.

காமயகவுண்டன்பட்டியில் விடிவதற்கு முன்னாலேயே ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குச்சட்டியும் பழைய சட்டையுமாகப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். கம்பம் தாண்டி, கம்பமெட்டு வளைவுகளில் ஏறி, அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். அம்மாவாசி ஓட்டும் ஜீப்பில் பத்துப் பேர் உட்காரலாம், பதினாறு பேர் போவார்கள். யார் மடியில் யார் முழங்கை என்பது பல வருசமாக முடிவான சங்கதி.

அந்த ஜீப்புக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வேறெந்த ஜீப்புக்கும் கிடையாது. ஆறேழு வருசத்துக்கு முன்னால், இதேபோலப் பொங்கல் கழிந்த முதல் நாள், ஒன்பதாவது வளைவில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. அங்கே ரோட்டோரம் எண்ணெய் பிசுக்கேறிய கல் ஒன்று கருப்பசாமி என்று நிற்கிறது. வண்டி சூடு ஆறும்வரை என்ன செய்வது? அம்மாவாசி கருப்பனுக்குச் சூடம் பொருத்தினான். பெண்கள் சுற்றி நின்று இந்த வருசம் நான் இதைச் செய்வேன், அதைச் செய்வேன் என்று ஆளுக்கொன்று சொல்லிவைத்தார்கள். பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் மறு வருசம் அதே வளைவு வந்தபோது ஜக்கம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி, போன வருசம் சொன்னது என்னாச்சு என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அது சட்டம்.

சட்டத்தை வகுத்தவளும் ஜக்கம்மாதான். ஜீப்பில் மூத்தவள், முன்சீட்டுக்காரி. போன வருசம் சொன்னதைச் சொல்ல வேண்டும். நடந்துச்சு, இல்லை நடக்கல, ரெண்டில் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த வருசத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். காரணம் சொல்லக் கூடாது, யாரும் ஏன் என்று கேட்கவும் கூடாது. காரணம் சொல்ல விட்டால் அட்டைக்கடியிலிருந்து மாமியார் வரைக்கும் போகும், தோட்டத்தில் பேர் கூப்பிடுகிற பேரேட்டு நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது என்பது ஜக்கம்மாவின் கணக்கு.

இப்படி அந்த வளைவில் எத்தனையோ நடந்திருக்கிறது. சங்கிலியம்மாள் கண் ஆபரேசன் செய்துகொண்டது அங்கே சொல்லித்தான். ஒருத்தி நாத்தனாரோடு பேச மாட்டேன் என்று சொல்லி, ஒரு வருசம் முழுக்கப் பேசாமல் இருந்து, நடந்துச்சு என்று பெருமையாகச் சொன்னதும் அங்கேதான். கருப்பனுக்கு அதிலெல்லாம் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

போன வருசம் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று சொர்ணலதா சொன்னாள்: பத்தாவது பாஸ் பண்ணுவேன். பாஸ் பண்ணிப் பால்வாடி டீச்சர் வேலைக்கு எழுதிப் போடுவேன். அடுத்த வருசம் இந்நேரம் இந்த வண்டியில் இருக்க மாட்டேன்.

யாரும் அதுவரை அவ்வளவு பெரிதாகச் சொன்னதில்லை. ஜீப்பே ஆடிப்போய்விட்டது. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள், முப்பத்து மூன்று வயதில், மகள் சினேகா ஆறாவது படிக்கும்போது, தனித்தேர்வு எழுதப் போகிறாள். அன்றைக்கே ஜீப் மொத்தமும் படிக்க ஆரம்பித்துவிட்டது. ஏறும்போது தமிழ், இறங்கும்போது கணக்கு. எழுத்துக்கூட்டத் தெரிந்த செல்வமணி கைடைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள். கையெழுத்துப் போடத் தெரியாத சங்கிலியம்மாள் ஏ ஸ்கொயர் பிளஸ் டூ ஏபி பிளஸ் பி ஸ்கொயர் என்று வெற்றிலைச் சாறு ஒழுகச் சொல்வாள். செக்போஸ்ட்டில் மலையாளத்துப் போலீஸ்காரர் ஒருவர், எந்தா சேச்சி, மந்திரமா என்று கேட்டிருக்கிறார்.

ஏப்ரலில் பரீட்சை. உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடம். தமிழ் எழுதினாள், இங்கிலீஷ் எழுதினாள். அடுத்தது கணக்கு.

அன்றைக்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய்விட்டாள். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே ஒரு குட்டைச் சுவர். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட அம்மாக்கள் வரிசையாக அதில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டுக்குள் போகிற பிள்ளைகள் எல்லாம் சினேகாவுக்கு நாலு வயது மூத்தவர்கள், அவ்வளவுதான். ஸ்கேலும் காம்பஸ் டப்பாவுமாகப் போனார்கள். சொர்ணலதா மஞ்சப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, பாவம் நல்ல மனசுக்காரி, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

"ஒக்காருங்க. ஒங்க பிள்ளைக்கும் கணக்குன்னா பயமா?"

"ஆமா," என்றாள் சொர்ணலதா. "ரொம்பப் பயம்."

உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிசம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகலாம் என்றுதான் நினைத்தாள். அந்த அம்மா தன் மகன் எத்தனை டியூசன் மாறினான் என்று சொல்ல ஆரம்பித்தாள். முதல் மணி அடித்தது. இப்போது எழுந்து, பரீட்சை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, இத்தனை பேர் பார்க்கக் கேட்டுக்குள் நடக்க வேண்டும். அதற்குக் கால் வரவில்லை. இரண்டாவது மணியும் அடித்தது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். ஹால் டிக்கெட் பைக்குள் இருக்க, இரண்டரை மணி நேரம் இல்லாத பிள்ளைக்காக அந்தச் சுவரில் காத்துக் கிடந்துவிட்டு, கூட்டம் கலைந்தபோது கூடவே கலைந்து பஸ் ஏறினாள்.

மிச்சப் பரீட்சைகளை எழுதினாள். எல்லாம் பாஸ். மார்க் சீட்டில் கணக்குக்கு நேராக வரவில்லை என்று இருந்தது. ஜீப்பில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. முப்பத்திரண்டு மார்க், மூணு மார்க்கில் போச்சு என்றாள்.

மூணு மார்க்கா! அதற்குப் பிறகு அந்தப் பேப்பரைத் திருத்தியவன் பட்ட பாடு சொல்லி மாளாது. அப்படி ஒருத்தன் இல்லவே இல்லை, அந்தப் பேப்பரும் இல்லை, ஆனாலும் பதினெட்டு வளைவும் ஏறி முடியும்வரை அவனை வைதார்கள். அவன் கை விளங்காமல் போக வேண்டும் என்றாள் சங்கிலியம்மாள். எல்லாரையும்விட ஜக்கம்மாதான் உச்சத்தில் வைதாள். மூணு மார்க்கைப் போட்டிருந்தால் அவன் அப்பன் வீட்டுச் சொத்தா கரைந்துபோகும் என்று கேட்டாள். சொர்ணலதா வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். ஒரு பாவமும் அறியாத அந்த இல்லாத மனுசனுக்காக அவள் மனசு அடித்துக்கொண்டது.

கணக்கு ஒன்றை மட்டும் திரும்ப எழுதலாம். ஜூனில் வாய்ப்பு வந்தது, பணம் கட்டவில்லை. அக்டோபரில் வந்தது, அதற்கும் எழுதிப் போடவில்லை. கேட்டவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னாள். மலைச்சாமிக்குக் காய்ச்சல், காய் எடுப்பு மும்முரம், போட்டோ சரியாக விழவில்லை. காரணத்துக்கா பஞ்சம்? ஆனால் வருகிற முதல் வண்டியில் காரணம் செல்லாது. நடக்கல என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். இந்த வண்டியில் இருக்க மாட்டேன் என்று சொன்னவள், இந்த வண்டியிலிருந்தே இறங்கி அதைச் சொல்ல வேண்டும். அதை நினைத்துத்தான் வீட்டை மூன்று தடவை கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேறு ஒரு ஜீப்காரனைப் பார்த்து நாளைக்கு ஒரு நாள் இடம் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தாள். அம்மாவாசி வண்டி ஆளை நான் ஏற்றினால் ஊருக்குள் பேச்சாகிவிடும் என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான். படுத்துக்கொண்டால்தான் என்ன என்றும் யோசித்தாள். பிரயோசனமில்லை. என்றைக்கு வருகிறாளோ அன்றைக்கு அவளுக்காகவே வண்டி நிற்கும். தப்பிக்க வழி வைக்காமல்தான் ஜக்கம்மா சட்டம் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை பனி இறங்கிக் கிடந்தது. சொர்ணலதா தன் இடத்தில், பின்பக்கப் படிக்கு ஒட்டினாற்போல உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பொங்கலுக்கு யார் வீட்டில் யார் வந்தார்கள், எந்தக் கரும்பு சப்பென்று இருந்தது என்று பேசிக்கொண்டே வந்தார்கள். கம்பம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. அவள் வளைவுகளை எண்ணினாள். நாலு. ஐந்து. ஏழில் செல்வமணி திடீரென்று சத்தமாகச் சிரித்தாள், சிரிக்க அங்கே ஒன்றும் நடக்கவில்லை. எட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ஒன்பது. வண்டி நிற்கவில்லை.

அம்மாவாசி கியரை மாற்றி, ஸ்டியரிங்கை ஒடித்து, ஒரே மூச்சில் வளைவை ஏறிவிட்டான். கருப்பன் கல் போன வருசத்துச் சூடக் கரியோடு பக்கவாட்டில் வந்து பின்னால் போனது. மற்றப் பதினைந்து பெண்களில் ஒருத்திகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்போதுதான் சொர்ணலதாவுக்கு விளங்கியது. எல்லாரும் பேசிவைத்திருக்கிறார்கள். அவளுக்காக.

அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது. அதை மறைத்துப் பேச என்ன இருக்கிறது? தப்பித்தோம் என்று நிமிர்ந்தாள். நிமிர்ந்தபோது எதிரே செல்வமணியின் வாய் கண்ணில் பட்டது.

செல்வமணி போன வருசம் அங்கே சொன்னது, புகையிலையை விடுவேன் என்று. பன்னிரண்டு வயதிலிருந்து போட்டுப் பழகியவள். விட்ட முதல் மாதம் காய் எடுக்க உட்கார்ந்த இடத்தில் மயங்கி விழுந்தாள். கை நடுங்கி ஏலக்காய் பிடிக்கிற சிம்பை ஒடித்துச் சூப்பர்வைசரிடம் வசவு வாங்கினாள். மடியில் கொத்தமல்லி விதையை முடிந்துகொண்டு, நாக்கு கேட்கும்போதெல்லாம் அதை மென்றாள். ஒரு வருசம். பல்லுகூட வெளுத்துவிட்டது. நடந்துச்சு என்று சொல்ல அவளுக்கு வருசத்தில் ஒரு இடம் இருந்தது, அந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டார்கள். சொர்ணலதா தலைகுனியக் கூடாது என்பதற்காக அவள் அதை விழுங்கிவிட்டு, சிரிப்பே இல்லாத இடத்தில் சிரிக்கிறாள்.

சொர்ணலதாவுக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது.

"அண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க."

அம்மாவாசி காது கேட்காதவனாக ஓட்டினான். அவள் ஜீப்பின் தகரத்தில் ஓங்கித் தட்டினாள்.

"நிப்பாட்டுங்கன்னேன்ல. இல்லாட்டி நான் குதிச்சிருவேன்."

பத்தாவது வளைவில் கொஞ்சம் அகலம் இருந்தது. ஓரங்கட்டினான். சொர்ணலதா இறங்கிக் கீழ்நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஒவ்வொருத்தியாக இறங்கும் சத்தம் கேட்டது. ஒன்பதாவது வளைவுக்குப் பதினாறு பெண்களும் ரோட்டோரமாக இறங்கி நடந்தார்கள். மேலே ஏறி வந்த சரக்கு லாரி ஒன்று, இவர்களுக்கு என்ன வந்தது என்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அம்மாவாசி கடைசியாக வந்தான். அவன் கையில் ஒரு தேங்காய் இருந்தது.

"கொண்டாற வேணாம்னு ஜக்கம்மாக்கா சொன்னாக," என்றான் பொதுவாக. "இருக்கட்டுமேன்னு சீட்டுக்கு அடியில போட்டு வச்சிருந்தேன்."

ஜக்கம்மா அவனை முறைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வழக்கப்படி மூத்தவளிலிருந்து தொடங்கியது. செல்வமணியின் முறை வந்தபோது அவள் சொர்ணலதாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புகையிலைய விடுவேன்னேன், நடந்துச்சு என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். எல்லாரும் அவளைப் பிடித்துக் கன்னத்தைக் கிள்ளி ஒரு பாடு படுத்திவிட்டார்கள். அதன் பிறகு சொர்ணலதா.

"பத்தாவது பாஸ் பண்ணுவேன், இந்த வண்டியில இருக்க மாட்டேன்னு சொன்னேன்," என்றாள். "நடக்கல."

அதோடு முடிந்தது. சட்டப்படி அவ்வளவுதான், மேலே சொல்ல வேண்டியதில்லை. யாரும் கேட்கப் போவதும் இல்லை. ஆனால் அவளால் அங்கே நிறுத்த முடியவில்லை.

"மூணு மார்க்குல போச்சுன்னது பொய்யி. கணக்குப் பரீட்சைய நான் எழுதவே இல்ல. கேட்டு வரைக்கும் போயிட்டு வெளியவே ஒக்காந்திருந்தேன்."

பெண்கள் வாயைப் பிளந்தார்கள். சங்கிலியம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். ரெண்டே ரெண்டு பேர் முகத்தில்தான் ஒரு மாற்றமும் இல்லை. அம்மாவாசி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜக்கம்மா தேங்காய்க் குடுமியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா அத்தே?"

"தெரியும்டி. அன்னைக்கு இவன் டயரு மாத்த உத்தமபாளையம் போயிருக்கான். மணி அடிச்ச பொறவும் நீ செவத்துல ஒக்காந்திருக்கறதப் பாத்துட்டு வந்து எங்கிட்ட மட்டும் சொன்னான்."

"தெரிஞ்சுக்கிட்டேவா பேப்பர் திருத்துன ஆள அம்புட்டு வஞ்சீக?"

"நான் வையலேன்னா இவளுக ஒன்னயக் கேள்வி கேப்பாளுகடி," என்றாள் ஜக்கம்மா. கல்லைப் பார்த்துத் திரும்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "யாரு பெத்த பிள்ளையோ, கருப்பா, அவன் கை நல்லா இருக்கட்டும்."

எட்டு மாதமாக அந்த வண்டியில் தான் ஒருத்திதான் பொய் சொல்லிக்கொண்டு வந்தோம் என்று சொர்ணலதா நினைத்திருந்தாள். அன்றைக்கு என்ன நடந்தது என்றால் அத்தே, அங்கே ஒரு அம்மா என்று ஆரம்பித்தாள். ஜக்கம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"காரணம் இங்கன கெடையாது. அடுத்த வருசத்துக்கு என்னன்னு சொல்லு. பேரேட்டுக்கு நேரமாச்சு."

பாஸ் பண்ணுவேன் என்று சொல்லத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள். அதற்குள் குலவைக்கு நாக்கை மடக்கிக்கொண்டவர்களும் உண்டு. சொர்ணலதா கல்லைப் பார்த்தாள். பாஸ் பண்ணுவது பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் வேலை, இந்த வண்டியை விட்டு இறங்குவது எல்லாம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தன. ஒரே ஒரு இடம்தான் துலக்கமாகத் தெரிந்தது.

"யாரு பிள்ளைக்குப் பரீட்சைன்னு கேட்டா," என்றாள், "எனக்குன்னு சொல்லுவேன்."

ஒருத்திக்கும் புரியவில்லை. சங்கிலியம்மாள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். செல்வமணி கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஏன் மதினி அப்படி என்று கேட்க வாயெடுத்துவிட்டு, சட்டம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். ஜக்கம்மா தேங்காயை அம்மாவாசியிடம் நீட்டி, உடைடா என்றாள்.

பத்தாவது வளைவுக்கு ஏறி வந்து வண்டியில் உட்காரும்போது எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. அம்மாவாசி சாவியைத் திருகினான். தன் இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்த சொர்ணலதா, எதிரே தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருந்த செல்வமணியிடம், நாளைக்குக் கைடை எடுத்துட்டு வாரேன், கணக்கு மட்டும் கேளு என்றாள்.